அத்தான் கண்டுபிடித்த சட்டனூகா

இடம்: அமெரிக்கா, டென்னசி மாநிலம், சட்டனூகா. டென்னசி ஆற்றுக்கு மேலே வால்நட் தெருப் பாலம். வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடக்க மட்டும்தான். நேற்று ராத்திரி நியூ ஜெர்சியிலிருந்து வந்திறங்கிய அத்தான் முதுகில் பெரிய பையோடு நடக்கிறார். கூடவே மச்சினன் கதிர். எட்டு வருஷமாக இங்கே ஃபோக்ஸ்வாகன் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான்.

கதிர்: பையில என்ன அத்தான், கல்லா?

அத்தான்: பிஸ்கட் மாப்ளே. தெற்கத்தி ஊரு, கடைகண்ணி இருக்குமோ என்னமோன்னு உங்க அக்கா கட்டிக் குடுத்தா.

கதிர்: 1,80,000 பேர் இருக்கற ஊரு. அவங்க எல்லாம் காத்தையா குடிக்கிறாங்க?

அத்தான்: நான் சொல்லல, ஊர் சொல்லுது. ஆபீஸ்ல சட்டனூகா போறேன்னேன். ஒருத்தன் 'ஐயோ, அழுக்கு ஊராச்சே'ன்னான். இன்னொருத்தன் ரயில் மாதிரி கூவிக் காட்டினான். மூணாவது ஆளு, 'அங்க இன்டர்நெட் பிச்சுக்கிட்டுப் போகுமாமே'ன்னான்.

கதிர்: வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது அந்த மூணுதான். நீங்க எந்தக் கட்சி?

அத்தான்: நான் ரயில். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் ஏறி, பக்கத்து ஊர் வரைக்கும் ஒரு நடை...

கதிர்: அந்த ஸ்டேஷன்லேர்ந்து கடைசி ரயில் கிளம்பிடுச்சு அத்தான்.

அத்தான்: அடடா. எத்தனை மணிக்கு?

கதிர்: 1970-ல. இந்த ஊர் ரயிலைப் பத்தி 'சட்டனூகா சூ சூ'ன்னு க்ளென் மில்லர் குழு 1941-ல வாசிச்ச பாட்டு மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. ஸ்டேஷனை 1973-ல ஹோட்டல் ஆக்கிட்டாங்க. பழைய ரயில் பெட்டியிலயே ரூம் உண்டு.

அத்தான்: பெட்டி நகராது?

கதிர்: நகராது.

அத்தான்: அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்? எங்க ஊர்ல தினம் காலையில அந்த அனுபவம்தானே. (கொஞ்சம் நடந்து) ஆனா ஒண்ணு, ஜனங்க தங்கம். காலையில காபிக் கடையில அந்தம்மாகிட்ட, 'இதெல்லாம் ஒரு பேகல் ரொட்டியா? எங்க நியூ ஜெர்சி பேகல் எப்படி இருக்கும் தெரியுமா'ன்னு பத்து நிமிஷம் விளக்கினேன். அப்படியே உருகிப் போயி 'ப்ளெஸ் யுவர் ஹார்ட்'னுச்சு. யாரோ எவரோ, ஆசீர்வாதம் பண்ணுது பாரு!

கதிர்: அத்தான்... அது ஆசீர்வாதம் இல்ல.

அத்தான்: பின்ன?

கதிர்: சில நேரம் நெசமாவே பாசமா சொல்வாங்க. நீங்க பேகலைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம் சொன்னா, 'ஐயோ பாவம், ஆண்டவன் இதுக்கு இவ்வளவுதான் மூளை வெச்சான்'னு அர்த்தம்.

அத்தான்: சிரிச்சுக்கிட்டே சொன்னுச்சேடா!

கதிர்: சிரிச்சுக்கிட்டுதான் சொல்லணும்.

(அத்தான் பேச்சை மாற்ற மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார்.)

அத்தான்: அழுக்கு ஊருன்னான், காத்து நல்லாத்தானே இருக்கு?

கதிர்: உங்க ஆபீஸ்காரர் 1969 செய்தியை இப்பப் படிச்சிருக்கார். அப்ப செய்தி வாசிக்கற வால்டர் க்ராங்கைட் டிவியிலேயே சொன்னாரு, நாட்டுலேயே காத்து மோசமான ஊரு இதுன்னு. இரும்பு வார்ப்படப் பட்டறைங்க, சுத்தி மலை. மூடி போட்ட சட்டிக்குள்ள ஆவி மாதிரி புகை உள்ளேயே சுத்தும். பட்டப்பகல்ல ஹெட்லைட் போட்டு ஓட்டுவாங்களாம். மத்தியானம் மாத்திக்க இன்னொரு சட்டை எடுத்துட்டுப் போவாங்களாம்.

அத்தான்: அப்புறம்?

கதிர்: அப்புறம் என்ன, டிவியில மானம் போச்சு இல்ல. புகைக்குச் சட்டம் போட்டாங்க, பட்டறைங்களும் ஒவ்வொண்ணா மூடிச்சு. ஊரே கூடி உக்காந்து பேசி, ஆத்தங்கரையைச் சரி பண்ணாங்க. அந்தா கண்ணாடிக் கூம்பு தெரியுதுல்ல, மீன் காட்சியகம், 1992. இந்தப் பாலம் 1891-ல தொறந்தது. ஆட்டம் கண்டுருச்சுன்னு 1978-ல மூடிட்டாங்க. இடிக்கப் பாத்தப்ப ஜனங்க விடல. 1993-லேர்ந்து நடைபாலம்.

அத்தான்: (ஃபோனை எடுத்து) நில்லு மாப்ளே, அந்தச் சிலையோட ஒரு செல்ஃபி.

கதிர்: அது வேணாம் அத்தான். முதல்ல படிங்க.

(பாலத்தின் தென்முனை. அத்தான் படிக்கிறார்.)

கதிர்: எட் ஜான்சன்னு ஒரு கறுப்பின இளைஞர். செய்யாத குத்தத்துக்கு மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சுது. அன்னிக்கு ராத்திரியே கும்பல் ஜெயிலுக்குள்ள பூந்து இழுத்துட்டு வந்து, இந்தப் பாலத்துலதான் தொங்க விட்டாங்க. 1906. தடுக்காம விட்ட ஷெரீஃபை உச்ச நீதிமன்றமே விசாரிச்சு உள்ள தள்ளுச்சு. இந்த நினைவிடம் வந்தது 2021-லதான்.

(அத்தான் ஃபோனைப் பைக்குள் போடுகிறார். கொஞ்ச தூரம் பேசாமல் நடக்கிறார்கள். அத்தானைப் பொறுத்தவரை அது பெரிய தூரம்.)

அத்தான்: நம்ம ஆபீஸ்காரன் எவனும் இதைச் சொல்லல பாரு.

கதிர்: ரயிலோட நிறுத்திக்குவாங்க.

அத்தான்: அது சரி, இன்டர்நெட் கதை?

கதிர்: ஊர் கரண்ட் ஆபீஸ் குடுக்குது. 2010-லேயே வீட்டுக்கு வீடு ஒரு கிகாபிட் வேகம். நாட்டுலேயே முதல்ல. கேபிள் கம்பெனிக்காரங்க கேஸ் எல்லாம் போட்டுப் பாத்தாங்க. 2022-ல 25 கிகாபிட்னாங்க.

அத்தான்: கரண்ட் ஆபீஸா? ஃபியூஸ் போனா வர்றவங்களா?

கதிர்: அவங்களேதான்.

அத்தான்: (நின்று) சம்பளத்துக்கு மாநில வருமான வரி?

கதிர்: டென்னசியில கிடையாது.

அத்தான்: சொத்து வரி?

கதிர்: உங்க ஊரோட ஒப்பிட்டா... (நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.)

அத்தான்: மாப்ளே! யாருக்கும் தெரியாத ஊரு ஒண்ணை நான் கண்டுபிடிச்சிருக்கேன்!

கதிர்: வாரத்துக்கு ஒருத்தர் கண்டுபிடிக்கிறாங்க அத்தான். 'அவுட்சைட்' பத்திரிகை 2011-ல நாட்டுலேயே நல்ல ஊருன்னு கண்டுபிடிச்சுது, மறந்துபோய் 2015-ல மறுபடியும் கண்டுபிடிச்சுது. இவங்களுக்கெல்லாம் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்த செரோக்கி பழங்குடி ஜனங்களை 1838-ல அந்தக் கரையிலேர்ந்துதான் படகுல ஏத்தி விரட்டினாங்க.

அத்தான்: உங்க தெருவுல வீடு ஏதாவது விலைக்கு வருதா?

கதிர்: (குரல் மாறுகிறது) அத்தான், நீங்க முழுசாப் பாக்கல. வசந்த காலத்துல மகரந்தத் தூள் காரு மேல மஞ்சளா படியும். தும்மித் தும்மியே சாகணும்.

அத்தான்: புகையையே வெரட்டின ஊரு, பூவுக்கா பயப்படும்?

கதிர்: ஐ-24 நெடுஞ்சாலையில மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல ரோடு வளையற இடத்துல மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்.

அத்தான்: நியூ ஜெர்சிக்காரன்கிட்ட டிராஃபிக் பத்திப் பேசறே பாரு.

கதிர்: 2020 ஈஸ்டர் அன்னிக்கு ராத்திரி டொர்னேடோ வந்து தெருத் தெருவா கூரையைப் பிச்சுப் போட்டுச்சு. அரிசி பருப்புக்கும் விற்பனை வரி. மலை மேல ராக் சிட்டின்னு ஒரு சுற்றுலா இடம், அங்க ஏழு மாநிலம் தெரியும்னு போர்டு வெச்சிருக்கான். நான் நாலு தடவை போயிட்டேன், எங்க பாத்தாலும் ஜார்ஜியாதான். மேற்கே அரை மணி ஓட்டினா நேர மண்டலம் மாறி கடிகாரம் ஒரு மணி பின்னால போயிடும். அக்காவுக்கு வேற ஆஸ்துமா. 1969-ல டிவியிலேயே...

அத்தான்: அது பழைய செய்தின்னு நீதானேடா சொன்னே! ஏன் மாப்ளே, நான் வந்தா உனக்கென்ன கஷ்டம்?

கதிர்: ஊர்ல இடம் வேணும்ல அத்தான். ஆளாளுக்கு நல்லா இருக்குன்னு எழுதி எழுதி வாடகை எங்கயோ போயிடுச்சு. இங்கேயே பொறந்தவங்க ஊரைத் தாண்டிப் போய்க்கிட்டிருக்காங்க.

அத்தான்: நீ இங்கயா பொறந்தே?

கதிர்: நான்... எட்டு வருஷம் ஆச்சு.

அத்தான்: எதிர்வீட்டுக் கிழவி ராத்திரி உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டுச்சு? 'புதுசா வந்த பையன்'தானே?

கதிர்: அவங்க பாசமா சொல்றாங்க. நான் வந்ததோட கதவைச் சாத்தியிருந்தா சரியா இருந்திருக்கும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

(ஃபோன் அடிக்கிறது. அக்கா. கதிர் எடுக்கிறான்.)

கதிர்: சொல்லுக்கா... என்னது, நீலக் கதவு வச்ச வீடா? எங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு. அதுவா விலைக்கு வந்திருக்கு? உனக்கு யார் அனுப்பினது? (அத்தானைப் பார்க்கிறான். அத்தான் ஆற்றைப் பார்க்கிறார்.) அக்கா, அவசரப்படாதே. இங்க ரயில்கூட வராது...

(அத்தான் அவன் தோளில் கை போட்டு, காபிக் கடை அம்மா மாதிரியே வாயெல்லாம் சிரிப்பாக)

அத்தான்: ப்ளெஸ் யுவர் ஹார்ட், மாப்ளே.