நாலு மணிப் பசிக்கு யார் பொறுப்பு?

"ரோல்ஸை விடுங்கள், சோடாவை விடுங்கள், எங்கட பாட்டன் பூட்டன் சாப்பிட்டதைச் சாப்பிடுங்கள்" என்று மாதம் ஒரு பதிவாவது முகநூலில் சுற்றும். எல்லாரும் லைக் போடுவோம். அன்று பின்னேரமே பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து, "ரியூசன் இடைவேளைக்குள்ள ஏதாவது வாங்கிச் சாப்பிடு அப்பன்" என்றும் சொல்லுவோம்.

பிள்ளைகளுக்கு நாக்கு நீளம், கட்டுப்பாடு இல்லை என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) எடுக்கப்போகிற ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் நாளை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். காலை 7.30க்குப் பள்ளிக்கூடம். அதற்கு முதல் அரைத்தூக்கத்தில் பாணும் சம்பலும், அதிலும் பாதி கோப்பையில் கிடக்கும். இடைவேளையில் கன்ரீனில் ஒரு பணிஸ். 1.30க்குப் பள்ளிக்கூடம் விடுகிறது. வீடு கிட்ட என்றால் வந்து அவசரமாகச் சோறு, தூர என்றால் நேரே ரியூசன். விஞ்ஞானம் முடியக் கணிதம், கணிதம் முடிய ஆங்கிலம். வீடு வந்து சேர ஆறரை, ஏழு ஆகிவிடும். வளருகிற வயதில் இவ்வளவு நேரம் வயிறு காய்ந்தால் வேறு என்ன செய்யும்? பெரிய ஆட்களே கண்டதையும் தின்பார்கள். நாலு மணிக்கு வருகிறது உண்மையான பசி. அந்தப் பசிக்கு நாங்கள் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. கடைக்காரர் எடுத்து வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஒரு பின்னேரம் மகளை ஏற்றப் போனபோது கொஞ்சம் முந்திப் போய் அந்த ஒழுங்கை முடக்கில் நின்று பார்த்தேன். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் பத்து நிமிசம்தான். பிள்ளைகள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஓடி வருகிறார்கள். ஓட்டோவின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. மேல் தட்டில் கட்லட், நடுவில் ரோல்ஸ், கீழே மிதிவெடி. (வெளியூர் ஆட்கள் பயப்பட வேண்டாம், பாதி முட்டையை உள்ளே வைத்துப் பொரித்த பெரிய ரோல்ஸ்தான்.) ஒரு பெடியன் ரோல்ஸின் நுனியைக் கடித்து, அந்த ஓட்டைக்குள் சோஸ் போத்தலைக் கவிழ்த்து அமத்தினான். மறுபக்கத்தால் சோஸ் வழிந்து, சுற்றிக் கொடுத்த கொப்பித்தாளில் விழுந்தது. அதை விரலால் வழித்து நக்கிவிட்டு அடுத்த கடிக்கும் சோஸ். மூன்று பேருக்கு ஒரு பெரிய சோடா, அண்ணாந்து வாய் வைக்காமல். வகுப்புக்குக் கூப்பிட முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. மென்று சாப்பிட்ட ஒரு பிள்ளையை நான் அங்கே காணவில்லை. விழுங்க மட்டும்தான் நேரம்.

அந்த ஒழுங்கையில் பழம் இல்லை, கச்சான் (வேர்க்கடலை) இல்லை, குடிதண்ணீர்க் குழாயும் இல்லை. தாகம் எடுத்தாலும் சோடாதான்.

சோடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இதற்காக ஒரு வழக்கே நடந்தது. 2016 ஆகஸ்டில் இருந்து இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிற வட்டம் போட வேண்டும் என்று விதி. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல விதிதான். ஆனால் அந்த மஞ்சளின் அகலத்தைப் பாருங்கள். 3 கிராம் உள்ளதற்கும் மஞ்சள், 10 கிராம் உள்ளதற்கும் அதே மஞ்சள். சிவப்பிலிருந்து தப்ப வேண்டும் என்றால் 11க்குச் சற்றுக் கீழே இறக்கினால் போதும்.

"மஞ்சள்தானே அம்மா, சிவப்பில்லைத்தானே" என்று மகள் வாதாடினாள். கணிதத்துக்கு மூன்று இடத்தில் ரியூசன் போகிற பிள்ளை, சரி கணக்கைப் போடு என்றேன். நூறுக்கு 8 கிராம் என்று வைத்தால் 400 மில்லி போத்தலில் 32 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் ஆறு கரண்டிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, இப்படிச் சேர்க்கிற சீனி ஒரு நாளுக்குத் தேவையான சக்தியில் 10 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது என்று. 2000 கலோரி சாப்பிடுகிற பெரிய ஆளுக்கு அந்த 5 வீதம் என்பது 25 கிராம். போத்தல் முடிய முன்னமே அது முடிந்துவிடுகிறது. ஆறு கரண்டி சீனி போட்டு நான் ஒரு தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தால் இதே பிள்ளை துப்பிவிடும். சோடாவில் குளிரும் காஸும் புளிப்பும் சேர்ந்து அந்த இனிப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. இது மகளுக்கு விளங்கிய மாதிரி வேறு ஒரு புத்திமதியும் விளங்கவில்லை.

2019இல் பக்கற்றில் அடைத்த உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறம் வந்தது. ஓட்டோவில் வருகிற ரோல்ஸுக்கு யார் வட்டம் போடுவது? அது எத்தனையாம் தரம் கொதித்த எண்ணெய் என்று யார் எழுதுவது?

சரி, தெரிந்தும் ஏன் எங்களால் மறுக்க முடியவில்லை? நேரம் இல்லை, வேலை என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே வேறொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன் பெரும்பாலும் தொண்ணூறுகளில் சின்னப் பிள்ளைகள். 1990இல் போரால் பாதை பூட்டப்பட்டு, பொருளாதாரத் தடை வந்து, சீனியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அருமையாகிப்போன குடாநாட்டில் வளர்ந்தவர்கள். பனங்கட்டியை ஒரு கடி, பிளேன்ரீ ஒரு மிடறு. எங்கே போவதென்றாலும் சைக்கிள். சொக்லேட் என்றால் யாராவது கொழும்பாலோ வெளிநாட்டாலோ வர வேண்டும், அதையும் கத்தியால் வெட்டிப் பங்கு போடுவார்கள்.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட குரக்கன், ஒடியல், மரவள்ளி, முருங்கையிலையைத்தான் இன்றைக்குச் சத்துணவு என்று பட்டியல் போடுகிறார்கள். ஆனால் அப்போது ஒருவரும் அதை விரும்பித் தெரிவு செய்யவில்லை. வேறு ஒன்றும் இல்லை, சாப்பிட்டோம். குரக்கன் பிட்டு என்றவுடன் பங்கர் ஞாபகம் வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்தத் தலைமுறையிடம் பிள்ளை வந்து "அம்மா, கொத்து ரொட்டி வாங்குவமா?" என்று கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? "நாங்கள்தான் ஆசைப்பட்டதும் கிடைக்காமல் வளர்ந்தம், அதுகளாவது சாப்பிடட்டும்." இந்த வசனம் கேட்காத வீடு குறைவு. இதில் அன்பு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2022இல் கோதுமை மா விலை எகிறியபோது மரவள்ளியும் குரக்கனும் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் திரும்ப அடுப்பேறின. விலை கொஞ்சம் இறங்கியதும் பாண் வந்துவிட்டது. தட்டுப்பாடு வந்தால் மட்டும் ஞாபகம் வருகிற சாப்பாட்டைப் பிள்ளை எப்படி ஆசையாகச் சாப்பிடும்?

அதனால் "அந்தக் காலத்தில" என்று தொடங்குகிற பேச்சை நான் வீட்டில் எடுப்பதில்லை. அந்தக் காலத்துச் சாப்பாடு எல்லாம் அமிர்தமும் இல்லை. பருத்தித்துறை வடையும் எண்ணெயில்தான் பொரிகிறது. அரியதரமும் பயற்றம் பணியாரமும் பச்சைத்தண்ணியில் வேகவில்லை. கோப்பை நிறைய வெள்ளை இடியப்பம், அதன் மேல் முதற்பால் சொதி, மரக்கறி ஒரு ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி. சலரோகக் கிளினிக்கில் வரிசையில் இருக்கிற எங்கட அப்பாமார் பீட்சா சாப்பிட்டு அங்கே வரவில்லை.

கூழ் வேறு கதை. ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணியை வடித்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்று போட்டுக் காய்ச்சினால், மாவை விட மற்றச் சாமான்தான் கூட இருக்கும். அதற்கு நிகராக ஒரு சாப்பாட்டை எந்தக் கடையும் எனக்குக் காட்டவில்லை. ஆனால் நாலு மணிக்கு ரியூசன் வாசலில் யார் கூழ் காய்ச்சிக் கொடுப்பது?

எங்கள் வீட்டில் ஓடுவது கொண்டைக்கடலை. இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு அவித்து வைத்துவிடுவேன். மத்தியானம் அவள் சோறு சாப்பிடுகிற நேரத்தில் தாளிப்பு. கொஞ்ச எண்ணெயில் கடுகு வெடிக்க விட்டு, வெங்காயம், கறிவேப்பிலை, பிய்த்துப் போட்ட செத்தல் மிளகாய், கடைசியில் சின்னச் சின்னதாக வெட்டின தேங்காய்ச் சொட்டு, ஒரு பிரட்டு. செத்தல் மிளகாயில் கஞ்சத்தனம் வேண்டாம். பிள்ளை ரோல்ஸில் தேடுவது உறைப்பும் கடிபடுகிற ஏதோ ஒன்றும்தான். சப்பென்று அவித்த கடலையை நீட்டினால் அது ரோல்ஸிடம் தோற்கத்தான் செய்யும். தேங்காய் போட்டதைக் காலையிலேயே கட்டிக் கொடுக்காதீர்கள், எங்கட வெயிலுக்குப் பழுதாகிவிடும். நேரே ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு வறுத்த கச்சானும் இரண்டு கதலி வாழைப்பழமும் போதும். வாழைப்பழத்துக்கு நீர்வேலி பக்கத்தில் இருக்க நாங்கள் அப்பிளுக்கு அலைகிறோம், அது தனி வயிற்றெரிச்சல். தை, மாசியில் பனங்கிழங்கு. அவித்துத் தும்பை எடுத்து, மிளகும் உள்ளியும் உப்பும் வைத்து இடித்தால் மணத்துக்கே ஆள் வரும்.

பெட்டி கொடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. "எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட, நான் மட்டும் கடலைப் பெட்டியைத் திறக்கிறதோ?" என்று மகளுக்கு வெட்கம். பெட்டி திறபடாமல் வீட்டுக்கு வந்தது. இது மானப் பிரச்சினை என்று விளங்கிய பிறகு, அவளோடு திரிகிற சிநேகிதிகளுக்கும் சேர்த்துப் பெரிய பெட்டியாகக் கொடுத்தேன். அதோடு வெட்கம் போய்விட்டது. இப்போது அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் முறை வைத்து ஏதாவது செய்து அனுப்புகிறார்கள். அதில் ஒரு அக்காவின் பயற்றுச் சுண்டலுக்கு என் கடலை கிட்டவும் நிற்காது என்று மகள் வந்து சொல்கிறாள்.

ரோல்ஸுக்கு நான் முற்றாகத் தடை போடவில்லை. இடைக்கிடை சாப்பிடுகிறாள், சாப்பிடட்டும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஐஸ்கிரீம் குடிக்காமல் வீட்டுக்கு வா என்று சொல்லுகிற அளவுக்கு நான் கொடியவள் இல்லை. தினமும் பின்னேரம் திருவிழா நடத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வீட்டுக்குள்ளும் ஒரு சண்டை நடக்கிறது. ஆட்கள் வந்தால் சோடா உடைக்காவிட்டால் மாமிக்குப் பொறுக்காது.

"வெறும் தண்ணியோ பிள்ளை குடுக்கிறது? சனம் என்ன சொல்லும்?"

"சனம் ஒண்டும் சொல்லாது மாமி. தேசிக்காய் பிழிஞ்சு கரைப்பம், சீனியைக் குறைச்சு."

"உனக்கு எல்லாத்திலயும் குறைக்கிற கதைதான்."

மாமிக்கே சீனி வருத்தம். வந்தவர்கள் விட்டுப்போன மிச்சச் சோடா எங்கே போகிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. தேத்தண்ணியில் சீனியை அரைக்கரண்டி அரைக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தோம், அவவுக்குச் சொல்லாமல். சில கிழமையில் நாக்கு பழகிவிட்டது. இப்போது வெளியில் குடித்துவிட்டு வந்து, "என்ன இது, பாணி மாதிரி" என்று அவவே குறை சொல்கிறா.

பள்ளிக்கூடங்களில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி வைக்கிறார்கள். ஒடியற் பிட்டு, இலைக்கஞ்சி, பெயர் எழுதின மட்டை, விருந்தினர் ருசி பார்க்கிற படம். படம் எடுத்து முடிய அதே விருந்தினருக்குப் பற்றீசும் சோடாவும். இதைவிட எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அம்மாச்சி உணவகம் நம்பிக்கை தருகிறது. அங்கே பெண்கள் கண்ணுக்கு முன்னால் சமைக்கிறார்கள், விலை கையைக் கடிக்காது, குரக்கனும் இலைக்கஞ்சியும் கண்காட்சிச் சாமானாக இல்லாமல் அன்றாடச் சாப்பாடாக விலைப்படுகின்றன. அப்படி ஒன்றைச் சின்னதாக, ஒரு மேசையும் இரண்டு பெட்டியும் அளவில், ரியூசன் ஒழுங்கைகளில் ஏன் வைக்க முடியாது? வீட்டில் இருந்து உழைக்க வழி தேடுகிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

ரியூசன் நடத்துகிற ஆசிரியர்மாருக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. உங்களில் பலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். பத்து நிமிச இடைவேளையை இருபது நிமிசமாக்குங்கள். பிள்ளை இருந்து மென்று சாப்பிட ஒரு வாங்கு போடுங்கள். வாசலில் ஒரு குடிதண்ணீர்த் தாங்கி வையுங்கள். தாங்கிக்கும் வடிகட்டிக்கும் எவ்வளவு முடியும் என்று பாருங்கள், பெற்றோர் பங்கு போடுவோம். என் பங்கு முதலாவது. மகள் போகிற இடத்து ஆசிரியரிடம் வருகிற சனிக்கிழமை நேரே போய்க் கேட்கப்போகிறேன். கூட வர விருப்பமான தாய்மார் உள்பெட்டியில் சொல்லுங்கோ.