கப்பலில் முதல் நாள் பெரட்டு

போன பள்ளி விடுமுறையில் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் ஒன்பது குடும்பம் கப்பலில் போய் வந்தோம். புலாவ் இண்டா முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு அங்கேயே வந்து இறங்கினோம். படமெல்லாம் பார்த்திருப்பீர்கள். முதல் நாளைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. டிசம்பருக்கு இன்னொரு கூட்டம் கிளம்புவதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு எண்பது தொட்டுவிட்டது. அவருக்கு இது இரண்டாவது கப்பல். முதல் கப்பல் ரஜூலா. ஏழு வயதில், 1952இல், நாகப்பட்டினத்தில் ஏறி வந்தவர். 1926இல் ஓட ஆரம்பித்து 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று நம் சனத்தைச் சுமந்த கப்பல் அது. பாய் விரித்து டெக்கிலேயே படுத்து வந்தார்களாம். பாட்டி தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் கைப்பிடியில் முந்தானையை முடிந்துகொண்டுதான் கண் அயர்வாராம்.

அதனால்தானோ என்னவோ, முனையத்தில் பெரிய பையை வாங்கிச் சீட்டுக் கட்டியபோது அம்மா கையை எடுக்கவே இல்லை. "பொட்டியக் குடுத்துட்டா எப்பய்யா வரும்?" என்றார். ஏற்பாடு செய்த ஏஜெண்ட் "எல்லாத்தையும் கவுண்டர்ல போட்டுடுங்க, ரூமுக்கே வந்துடும்" என்று சொல்லியிருந்தார். நானும் நம்பிப் போட்டுவிட்டேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை அதற்குள்ளே இருந்தது.

ஆயிரக்கணக்கான பைகளை ஸ்கேன் செய்து மாடி மாடியாகப் பிரித்துத்தான் அறை வாசலுக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு மணிக்கு ஏறிய எங்களுக்குப் பை வந்தபோது இரவு எட்டே முக்கால். அதுவரை அறையில் இருந்த நேரமெல்லாம், மாத்திரை இல்லாமல் சாப்பிடமாட்டேன் என்று அம்மா கட்டில் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்லாத ஏஜெண்ட் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் நம் ஆட்கள் மீது. கப்பல் கிளம்புமுன் அவசரக்காலப் பயிற்சி உண்டு. சங்கு ஏழு முறை குறுக்கி ஊதி, எட்டாவதை நீட்டி ஊதும். ஏறும்போது கொடுத்த பயணி அட்டையில் குறித்திருக்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அட்டையை ஸ்கேன் செய்து ஆளை எண்ணி, மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது, எந்தப் படகு யாருக்கு என்று காட்டுவார்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தில் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் பஃபேயில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் சடங்குலா தம்பி, வந்து சாப்பிடு" என்றார் ஒரு மாமா.

சடங்கு இல்லை மாமா. 2012 ஜனவரி 13ஆம் தேதி இரவு, இத்தாலியில் ஜிலியோ தீவுப் பாறையில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிக் கப்பல் மோதிச் சாய்ந்தது. 32 உயிர் போனது. அன்று மாலை ஏறிய அறுநூறு சொச்சம் பேருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று உலகம் முழுக்க மாற்றினார்கள். 2015இலிருந்து அதுதான் சட்டம்.

சங்கு கேட்டதும் அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "என்னய்யா, பெரட்டா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசம் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தில் பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் எண்ணுவது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, கிராணி என்ற கணக்குப்பிள்ளை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டை வாசிக்கும்போது பெயருக்குப் பதில் சொன்னவர். ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆமாம்மா, பெரட்டுதான் என்றேன். முட்டி வலியோடு இரண்டு மாடி இறங்கி, வரிசையில் முன்னால் போய் நின்றார். பிலிப்பினோ தம்பி அட்டையை ஸ்கேன் செய்தபோது தன் பெயரையும் சத்தமாகச் சொன்னார். அவன் சிரித்துவிட்டு, மிதவைச் சட்டையின் வாரை அவர் இடுப்பில் வைத்தே கட்டிக் காட்டினான். "அங்க கூப்புட்டது வேலைக்கு. இங்க உசுருக்குக் கூப்புடுறான், வராம இருக்கிறாங்களே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மாமாவின் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை அழைத்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் எல்லாரும் பாட்டுச் சத்தத்தில் இருந்தார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக் கிரேன்கள் சிறுத்துப் போவதைப் பார்த்தார். நாகப்பட்டினம் எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது கையை முன்னால் நீட்டிக் காட்டினேன். அந்தத் திசையைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் நின்றார்.

டிசம்பரில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பையை நானே கட்டித் தருகிறேன். மாமா, நீங்களும் போகிறீர்களாம். சங்கு ஊதும் நேரத்தில் உங்கள் போனுக்குக் கூப்பிடுவேன்.