ஓலைப் பெட்டியைக் கஞ்சத்தனம் என்று சொன்னவர்களுக்கு

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் படம் என்று விளக்கத் தேவையில்லை; மூன்று நாட்களாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களின் கைபேசிகளில் அதுதான் சுற்றுகிறது. பெப்ரவரி 14 அன்று தனக்கு நிச்சயிக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு பெடியன் கொடுத்த சாயமிட்ட ஓலைப் பெட்டியையும், அதற்குள் இருந்த ஒரு சோடிக் கண்ணாடிக் காப்பையும், கையால் எழுதிய கடிதத்தையும், பக்கத்தில் நின்ற மாங்கன்றையும் அந்தப் பிள்ளை ஆசையோடு படம் பிடித்துப் போட்டிருந்தாள். அந்தப் படத்தை எடுத்து, பெட்டியின் குறுக்கே “இந்த வருடத்தின் கஞ்சன்” என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சிரிப்புக்கு விட்டவர்களின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சிரித்தவர்களில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கஞ்சன் என்பவன் கையில் இருப்பதைக் கொடுக்க மனம் இல்லாதவன். அந்தப் பெடியன் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறான். இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். விலை குறைந்த பொருளைக் கொடுப்பதற்கும் அன்பைக் குறைத்துக் கொடுப்பதற்கும் வேறுபாடு தெரியாதவர்கள் எப்படி மற்றவர்களின் காதலுக்குத் தீர்ப்புச் சொல்ல வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெட்டி எப்படி வந்திருக்கும் என்று சிரித்தவர்களில் ஒருவராவது யோசித்தீர்களா? என் அம்மா நாற்பது வருடமாக ஓலை இழைக்கிறவர், ஆகையால் எனக்குத் தெரியும். முதலில் பனையில் ஏறக்கூடிய ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். இப்போது எங்கள் பக்கம் அதுவே பெரும்பாடு. குருத்தோலையை வெட்டி இறக்கி, வெயிலில் விரித்து வெளிறக் காயவிட வேண்டும். பிறகு ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்கிற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார வேண்டும். நிறம் வேண்டுமானால் சாயத்தைக் கொதிக்க வைத்து அதற்குள் ஓலையைப் போட்டெடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். இழைக்க உட்காரும்போது ஓலை முறியாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்க வேண்டும். அம்மாவின் வலது பெருவிரலின் ஓரத்தில் ஓலை வெட்டி வெட்டி ஒரு தடிப்பு வந்திருக்கிறது. அவர் என் மகளின் கன்னத்தைத் தடவும்போது “அம்மம்மா, கீறுது” என்று பிள்ளை முகத்தைத் திருப்பிக் கொள்ளும். மூடியோடு சேர்ந்த ஒரு சிறிய பெட்டிக்கு, ஓலை ஆயத்தமாக இருந்தாலும், சமையல் வேலைக்கு நடுவில் அவருக்கு இரண்டு நாள் போய்விடும். அந்தப் பெடியன் 14ஆம் திகதிக்கு ஒரு மாதம் முன்பே யாரிடமோ சொல்லி வைத்திருக்க வேண்டும். ஒரு மாதம் ஒருத்தியை நினைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு நீங்கள் கொடுத்த பட்டம்தான் கஞ்சன்.

சரி, கஞ்சத்தனம் இல்லாத பரிசு எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிட்டேன். போன வருடம் என் அக்காவின் மகளுக்கு அவளுடைய வருங்காலக் கணவன், ஒரு கடைக்குக் காசு கட்டி, வீட்டு வாசலுக்கே ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். நான் அப்போது அங்கே நின்றேன். முழங்கால் உயரக் கரடிப்பொம்மை, அதைச் சுற்றிப் பொலித்தீன், மினுக்கம் பூசிய பலூன், திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து மடல், ஒரு பூக்கூடை. மலைநாட்டிலிருந்து வந்த ரோசாக்கள் இரண்டாம் நாளே தலை சாய்ந்துவிட்டன. பூக்களை எடுத்து எறியப் போனபோது கூடையின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு நுரைக்கட்டி இருந்தது. ஏதோ பாசி என்று நினைத்து அக்கா அதை வாழைக்குக் கீழே போட்டுவிட்டார். அது பாசியும் இல்லை, பஞ்சும் இல்லை. அதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக். உக்காது, தூள் தூளாக உதிர்ந்து மண்ணோடு கலக்கும். மாரி மழைக்குப் பிறகு வாழைப்பாத்தி முழுவதும் பச்சைத் துகளாகக் கிடந்தது, கோழிகள் அதைக் கொத்திக்கொண்டு நின்றன. மடலுக்குள் பொத்தான் அளவு மின்கலம் ஒன்று இருந்தது. பாட்டு நின்ற பிறகு அதுவும் அடுப்புச் சாம்பலோடு போனது. கரடிப்பொம்மை மட்டும் அலுமாரியின் மேல் தூசி பிடித்துக்கொண்டு இருக்கிறது. அந்தப் பெடியன் நல்லவன், அவனை நான் குறை சொல்லவில்லை. வேறு என்ன கொடுப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் இப்படிச் சிரித்தால் இனி வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது.

“ஒரு கரடிப்பொம்மையால் உலகம் அழிந்துவிடுமா?” என்று கேட்பீர்கள். நேற்றே ஒருவர் கேட்டார். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி முழுவதும் வெள்ளம் நின்றதே, அது வடிந்த பிறகு உங்கள் வேலிகளை நீங்கள் பார்க்கவில்லையா? எங்கள் முட்கம்பி வேலியில் இடுப்பு உயரத்துக்குப் பைகளும், மினுக்கத் தாள்களும், கல்யாண மண்டபத்து வாசலில் தொங்கியிருந்த பிளாஸ்டிக் பூக்களும் வரிசையாகச் சிக்கியிருந்தன. நானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாள் அதைப் பிடுங்கினோம். நாங்கள் பிடுங்கிப் போட்ட குவியலில் கொடுத்தவர் பெயரோ வாங்கியவர் பெயரோ எழுதியிருக்கவில்லை. எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு நாள் சந்தோசத்துக்காக வாங்கியவைதான். 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனை இந்த நாடு 2017 செப்டெம்பரிலும், பிளாஸ்டிக் பூமாலைகளை 2023 ஒக்டோபரிலும் தடை செய்துவிட்டது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று செத்த யானைகளின் படத்தைப் பார்த்து நீங்கள் எல்லோரும் கண்ணீர்க் குறி போட்டீர்கள். யானைக்கு அழுத அதே விரலால், பொலித்தீன் இல்லாமல் பரிசு கொடுத்த ஒருவனைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வந்தது?

இன்னொரு கேள்வியை ஒரு தங்கை உள்பெட்டியில் கேட்டிருந்தாள். அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். “அக்கா, இயற்கை, சூழல் என்று சொல்லிக்கொண்டு ஆம்பிளையள் ஒன்றும் வாங்கித் தராமல் தப்பிவிட மாட்டார்களா?” என்றாள். தப்புவார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே அப்படி இருக்கிறார்கள். பிறந்தநாளை மறந்துவிட்டு, இருட்டிய பிறகு ரோட்டோர வேலியில் ஒரு பூவைப் பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டுகிறவனை நான் ஆதரிக்கவில்லை. விலை குறைவான பரிசுக்குத்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும், கூடுதலாக நடக்க வேண்டும், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கூடுதலாகக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு 2011இல் கல்யாணம் நடந்தபோது விசுவமடுவில் எங்கள் வீடு நான்கு தடியும் தகரமும்தான். நான் எப்போதோ, சின்ன வயதில் எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று நின்றது, திரும்பி வந்து பார்த்தபோது அடிக்கட்டைகூட இல்லை என்று சொல்லியிருந்தேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம் இவர் யாழ்ப்பாணம் போய், பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றபடியே, ஒரு ஒட்டுக் கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கன்று வந்தது கறுப்புப் பொலித்தீன் பையில்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவீர்கள். அந்தப் பையைக் கழுவி வைத்து, மழைக்குப் பிறகு அதில் முருங்கை போட்டோம். மாரியில் ஒரு நாள் படலை திறந்து கிடந்து, மாடு வந்து கன்றின் தலையைக் கடித்துவிட்டது. அன்று பின்னேரம் இவர் சாப்பிடாமல் அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் துளிர்த்து அது பிழைத்துக்கொண்டது. ஐந்தாம் வருடம் ஏழு காய் காய்த்தது. ஏழையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் எனக்கு அதுவரை தங்கத்தில் எதுவும் வாங்கித் தந்ததில்லை, நான் கேட்டதும் இல்லை.

இதைச் சொன்னவுடன் “வறுமையைப் பெருமையாகப் பேசாதீர்கள்” என்று ஒருவர் எழுதுவார். வெளிநாட்டில் இருந்து எழுதுகிற அண்ணை ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். நான் வறுமையில் இருந்தவள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று எனக்கு எவரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. வன்னியில் காசு இல்லாதவன் காசு இருப்பதுபோலக் காட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன், காதலிக்குக் கைபேசி வாங்கிக் கொடுக்கத் தன் தாயின் பெயரில் கிழமைக் கடன் எடுத்தான். கூலி வேலை இல்லாத மாதங்களில் கட்ட முடியவில்லை. கடன் அறவிட வந்தவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் படலையில் நின்று, அயலுக்குக் கேட்கும்படி அந்தத் தாயைக் கூப்பிடுவார். அந்த அம்மா செவ்வாய்க்கிழமைகளில் விடியவே விறகுக்கென்று காட்டுக்குப் போய்விடுவார். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் ஓர் இலட்சம் ரூபாவுக்குள் எடுத்த நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை மறந்துவிட்டீர்களா? எல்லாக் கடனும் பரிசுக்காக எடுத்தது இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் “மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்” என்பதற்காக எடுத்த கடன் எங்கள் ஊர்களில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். அந்த “மற்றவர்கள்” நீங்கள்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்ற பயத்தில்தான் அந்தத் தாய் காட்டுக்குப் போனார்.

கடைக்காரர்களின் பிழைப்பு போகும் என்கிறீர்கள். ஓலை இழைக்கிறவரும் கன்று விற்கிறவரும் பிழைக்க வேண்டியவர்கள்தான். ஓலைப் பெட்டியும் காட்சியறைகளில் விலை கூடத்தான் என்கிறீர்கள். அது உண்மை, அதனால்தான் இழைக்கிறவரின் வீட்டுக்கே போய் வாங்குங்கள் என்கிறேன். என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் என்னைக் கேளுங்கள். அவள் வேலைக்குப் போய்வருகிற பழைய சைக்கிளுக்குப் புதிய சங்கிலி போட்டு, எண்ணெய் விட்டுக் கொடுங்கள். கைத்தறித் துணியில் ஒரு சட்டைக்கு வெட்டிக் கொடுங்கள், பத்து வருடம் உடுப்பாள். குளத்தில் பூத்த தாமரையை விடியப் போய்ப் பறித்துக் கொடுங்கள். ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள். சாப்பிட்டால் உதடு ஒட்டும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வாயைத் துடைப்பீர்கள். எங்கள் காடு தருகிறதை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வெட்கப்படுகிற நிலைக்கு எங்களை யார் கொண்டுவந்தது?

அம்மாவிடம் ஒரு கொட்டப்பெட்டி இருக்கிறது, இடுப்பில் செருகிக்கொள்கிற சின்ன ஓலைப் பை. அப்பா அவரைக் கேட்டு வந்த காலத்தில் கொடுத்தது. அப்போது அப்பாவிடம் கொடுக்க வேறு ஒன்றும் இருந்ததில்லை. 2009இல் இறுதிப் போரில் நாங்கள் விசுவமடுவில் இருந்து வெளிக்கிட்டபோது, தையல் மெசினைப் பதுங்குகுழிக்குள் இறக்கி மண் போட்டு மூடினோம். அதுதான் எங்கள் வீட்டில் விலை கூடிய பொருள், அது திரும்பக் கிடைக்கவே இல்லை. கொட்டப்பெட்டியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டார். காணி உறுதியும், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் மடிக்கப்பட்டு அதற்குள்தான் இருந்தன. மாத்தளன் மண்ணிலும் செட்டிகுளம் முகாமிலும் அது அவர் இடுப்பிலேயே இருந்தது. ஒரு மூலை பிய்ந்துவிட்டது, அவரே பிறகு புது ஓலை வைத்துப் பொத்திக்கொண்டார். அப்பா இப்போது இல்லை. அம்மாவிடம் போய் “உன் புருசன் கஞ்சன்” என்று சொல்ல உங்களில் யாருக்காவது வாய் வருமா?

நேற்று இரவு இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். சண்டையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியின் மூடி எந்த இழைப்பு, விளிம்பைச் சிவப்பு ஓலையால் பொத்தியிருக்கிறதா, ஒருக்கால் காட்டு பிள்ளை என்றார். கைபேசியை எடுத்துத் தேடினேன். அந்தப் பிள்ளை தன் படத்தை நீக்கிவிட்டாள். இருந்தது நீங்கள் எழுத்துப் போட்ட படம் மட்டும்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்; மூடி இருந்த இடம் முழுவதும் எழுத்து, இழைப்புத் தெரியவில்லை.