தொண்ணூத்திரண்டு பாட்டு

அக்கா: இந்தப் பென்டிரைவில் தொண்ணூத்திரண்டு பாட்டு ஏத்திக் கொடு கண்ணு.

கடைப் பையன்: இது எட்டு ஜிபிங்க்கா. ஆயிரத்துக்கு மேலயே கொள்ளும். எதுக்குத் தொண்ணூத்திரண்டோட நிறுத்துறீங்க?

அக்கா: எனக்கு அதுதான் வேணும். முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்.

பையன்: பில் போட்டாச்சு, தொண்ணூத்திரண்டு பாட்டு. இருநூறுன்னாலும் அதே காசுதானுங்க, சொல்லிட்டேன்.

அக்கா: இருநூறில் யார் பாடினாங்க, கரிகாலனா?

பையன்: கரிகாலன் வேட்டைக்காரன் பாட்டுங்க்கா. ஏத்தட்டுங்களா?

அக்கா: அட கருமமே! வருஷம் கண்ணு, வருஷம். 1992. எனக்குக் கண்ணாலம் ஆன வருஷம்.

பையன்: அப்படிச் சொல்லுங்க! ‘90ஸ் ஹிட்ஸ்’னு ஃபோல்டரே ரெடியா கிடக்குதுங்க. கேளுங்க, மீனம்மா…

அக்கா: அது ஆசை படம், 95. அப்போ என்ற பெரியவனுக்கு மொட்டை எடுத்துக் காதும் குத்தியாச்சு.

பையன்: இதுங்க்கா? வெண்ணிலவே வெண்ணிலவே…

அக்கா: மின்சார கனவு, 97. சின்னவள் பால்வாடிக்குப் போய்ட்டாள். ஏன் கண்ணு, தொண்ணூறுன்னா உங்களுக்கு ஒரே வருஷமா? பத்து வருஷத்தையும் ஒட்டுக்காப் போட்டு இட்லி மாவாட்டம் ஆட்டி வெச்சிருக்கீங்க. நான் சொல்றேன், எழுதிக்க. அண்ணாமலை படம், வந்தேன்டா பால்காரன்.

பையன்: இளையராஜாவுக்குத் தனி ஃபோல்டர் இருக்குதுங்க்கா.

அக்கா: தேவா.

பையன்: ஏனுங்க?

அக்கா: அது தேவா போட்ட பாட்டு.

பையன்: பழைய பாட்டுங்களே?

அக்கா: பழசா இருந்தா இளையராஜாவா? அப்போ எங்க மாமியாரும் இளையராஜாதான்.

பையன்: சரிங்க்கா, அடுத்தது?

அக்கா: சூரியன். பதினெட்டு வயது.

பையன்: இளைய…

அக்கா: தேவா! அமரன், வெத்தல போட்ட சோக்குல. கார்த்திக்கே பாடினது.

பையன்: இது இளையராஜாதானுங்க, சத்தியமா.

அக்கா: சத்தியம் வேற பண்ற. ஆதித்யன். அடுத்து வானமே எல்லை, கம்பங்காடு. வாயைத் திறக்காத, அது மரகதமணி.

பையன்: அவர் யாருங்க்கா?

அக்கா: நாட்டு நாட்டு பாட்டுக்கு 2023இல் ஆஸ்கர் வாங்கினாரே கீரவாணி, அவரேதான். அந்த மனுஷனுக்கு அமெரிக்காக்காரன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தான். நீ கோபி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துக்கிட்டு அவர் பாட்டை எடுத்து இன்னொருத்தர் ஃபோல்டரில் போட்டு வெச்சிருக்க.

(ரீசார்ஜ் செய்யப் போன நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். என் போனிலும் ‘இளையராஜா சோகம்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் நாலு பாட்டு தேவாவுடையது என்று அப்போதுதான் உறைத்தது.)

பையன்: உங்களுக்கு இளையராஜாவைப் பிடிக்காதுங்களா?

அக்கா: யார் சொன்னா? அந்த வருஷம் பொங்கலுக்குச் சின்ன கவுண்டரும் மன்னனும் ஒட்டுக்கா வந்தது, ரெண்டும் அவர். தீபாவளிக்குத் தேவர் மகன், நம்ம பொள்ளாச்சிப் பக்கம் எடுத்தது, அதுவும் அவர். இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்? அடுத்தவன் பாட்டையும் அவர் தலையில் கட்டினால்தான் அவருக்குப் பெருமையா?

பையன்: கோவிச்சுக்காதீங்க. சின்ன கவுண்டரில் எதுங்க்கா, முத்துமணி மாலைங்களா?

அக்கா: அதுவும் போடு. கண்ணுபடப் போகுதய்யாவும் போடு. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது ரேடியோ செட்டுக்காரர் அதைத்தான் போட்டார், தென்னை மரத்தில் கட்டின ரெண்டு குழாயிலயும் ஊரே அதிர்ந்தது. இறங்கினவரைப் பார்த்தால் நாற்பத்தெட்டு கிலோ. எந்தக் கண்ணு படும்?

பையன்: ரோஜாவும் அந்த வருஷம்தானுங்களே?

அக்கா: பரவாயில்ல, ஒண்ணு தெரிஞ்சிருக்குது. ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் படம் வந்தது, எங்களுக்கு ஆவணி முகூர்த்தம். ரேடியோ செட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு கேசட். சின்ன சின்ன ஆசை முடிய முடியப் பின்னாடி சுத்திச் சுத்திப் போட்டதில், இணைச்சீர் நடக்கிறப்போ நாடா சிக்கி இடியாப்பமா வெளியே வந்துருச்சு. சீர் பண்ண வந்த நாத்தனார் சீரை விட்டுவிட்டு அவருக்குப் பென்சில் தேடப் போய்ட்டாள்.

பையன்: அது சித்ராம்மா பாடினதுதானுங்க?

அக்கா: மின்மினி.

பையன்: அது யாருங்க?

அக்கா: நல்லாக் கேளு. எழுதின வைரமுத்துக்குத் தேசிய விருது. மெட்டுப் போட்ட ரகுமானுக்கு முதல் படத்திலேயே தேசிய விருது. பாடினவளைக் கேட்டா, அது யாருங்க. முப்பது வருஷமா ஊரே அந்தப் புள்ள குரலில்தான் ஆசைப்பட்டுக்கிட்டு இருக்குது.

பையன்: …வந்தேன்டா பால்காரனை முதல்ல வெக்கட்டுங்களா, நடுவிலங்களா?

அக்கா: முதல்ல. கட்டுத்தரையில் அதைப் போட்டாத்தான் எங்க சிந்து மாடு உதைக்காம நிற்கும். ரோஜா போட்டா அசந்து போய்ப் பாலை அடக்கிக்குது.

பையன்: கவர் மேல என்ன எழுதட்டுங்க? இளையராஜா…

அக்கா: கையை ஒடிச்சுப் போடுவேன். 1992னு எழுது.

பையன்: வெறும் 1992னு எழுதினா விலைன்னு நினைச்சுக்குவாங்க.

அக்கா: நினைக்கட்டும், ஒருத்தனும் திருட மாட்டான்.

பையன்: ஒரு சின்னச் சிக்கலுங்க்கா. நெட்டில் தேடி முப்பத்தொண்ணுதான் கிடைச்சுது. பில்லில் தொண்ணூத்திரண்டுன்னு போட்டாச்சு. இன்னும் அறுபத்தொண்ணு குறையுதுங்க.

அக்கா: வந்தேன்டா பால்காரனையே அறுபத்தொரு தடவை ஏத்து. நானா கேட்கப்போறேன், மாடுதானே கேட்கப்போகுது.