கேட்காமல் எழுதும் சட்டம்

நேற்று இரவு தொழிலாளர் சட்டம் பற்றி நடந்த விவாதத்தின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதில் ஒருவர் சொன்னது இது: தொழிலாளர் சட்டத்தைச் சீர்திருத்துவது நிபுணர்களின் வேலையாம்; தொழிற்சங்கக்காரர்களைக் கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடுமாம். அரங்கமே கைதட்டியது. அதுகூடப் பரவாயில்லை. என் நட்பு வட்டத்திலேயே பலர் அதைப் பாராட்டிப் பகிர்ந்திருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் வேலைச் சட்டத்தை எழுதக் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான்.

2023 ஏப்ரல் 21 அதற்குள் மறந்துவிட்டதா? 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்தது. அமைச்சர்கள் சங்கங்களை அழைத்துப் பேசியது 24ஆம் தேதி, மசோதா நிறைவேறிய பிறகு! அன்றே அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை அலைக்கழிப்பு எதற்கு?

டெல்லியிலும் இதே கதைதான். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கினார்கள். அரசு, முதலாளிகள், சங்கங்கள் என மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015இல் கூடியது. அதற்குப் பிறகு, அந்தத் தொகுப்புகள் நிறைவேறும்வரை ஒருமுறைகூட அதைக் கூட்டவில்லை. அரசின் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாத ஆலை என்றால் முன்பு 100 பேராவது வேலை செய்யும் ஆலை. இப்போது 300 பேராவது இருக்க வேண்டும்; அதற்குக் குறைந்தால் அனுமதியே தேவையில்லை. 250 பேர் வேலை செய்யும் ஆலையில் இருப்பவரிடம் இதை யார் கேட்டார்கள்?

என் அத்தை ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். கடையில் ஆளே இல்லாத மதியத்திலும் உட்காரக் கூடாது. தூணில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் அதட்டுவார். நரம்புச் சுருட்டலோடு வீட்டுக்கு வந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துத்தான் படுப்பார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே, 2018இல், கேரளம் திருத்திவிட்டது. அங்கே அதற்காகப் போராடியவர்கள் நிபுணர்கள் இல்லை. கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ என்று ஒன்றுசேர்ந்த கடைப்பெண்கள். நம் சட்டம் வருவதற்கு முன்பே அத்தை வேலையை விட்டுவிட்டார்.

“சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவார்கள்” என்று இப்போது ஒருவர் எழுத வருவார். வாருங்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஆலையை மூடவில்லையே!

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெரிய சங்கங்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை என்பீர்கள். உண்மைதான். அதற்காகச் சங்கமே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டத்துக்கும் சங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பவர்கள் நம் சென்னையின் வரலாற்றையாவது படியுங்கள். 1918இல் இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி துணி ஆலைப் போராட்டத்துக்காக அந்தச் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா மீது நிர்வாகம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. அந்தக் கொதிப்பில்தான் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அடிவாங்கியவர்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது.

நேற்று அந்தக் காணொளியைப் பகிர்ந்த நண்பர்களுக்கு ஒன்று. தீபாவளிக்கு உங்களில் சிலர் வாங்கும் போனஸ் இருக்கிறதே, அதற்கான சட்டம் 1965இல் வந்தது. அதற்கு அடிப்படை 1961இல் அமைத்த போனஸ் கமிஷனின் அறிக்கை. அந்தக் கமிஷனில் தொழிற்சங்கத் தலைவர்களும் உறுப்பினர்கள். எஸ். ஏ. டாங்கேவும் அதில் இருந்தார். சங்கக்காரர்களை உட்காரவைத்துப் பேசித்தான் அந்த 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸுக்கு அடித்தளம் போட்டார்கள். வாங்கும்போது மட்டும் கசக்கவில்லையா?