திரையில் அடங்காத பதினொரு நொடி

2016 ரியோ ஒலிம்பிக்கின் பெண்கள் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி சுவரைத் தொடுகிறார். நேரம் 8 நிமிடம் 4.79 நொடி, புதிய உலக சாதனை. திரும்பிப் பார்க்கிறார். மற்ற ஏழு பேரும் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளி வென்ற பிரிட்டனின் ஜாஸ் கார்லின் வந்து சேர மேலும் பதினொரு நொடிக்கு மேல் ஆனது. நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் கைமாறுகிற விளையாட்டில் பதினொரு நொடி!

போன வாரம் ஒரு நண்பரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதில் பார்க்க என்ன இருக்கிறது? அவர்தான் ஜெயிப்பார் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுமே" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீச்சல் என்றால் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பெயர் உடனே வருகிறது, பெய்ஜிங்கில் அவர் 0.01 நொடியில் வென்ற பட்டர்ஃபிளை போட்டி நினைவுக்கு வருகிறது. லெடெக்கியின் வெற்றிகள் யாருக்கும் படபடப்பைத் தரவில்லை. அதனாலேயே அவரை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் குளத்தில் 800 மீட்டர் என்றால் பதினாறு நீளம். ரியோவில் அவர் ஒரு நீளத்துக்கு எடுத்துக்கொண்டது சராசரியாக 30.3 நொடி. 2018 மே மாதம் இண்டியானாபொலிஸில் 1500 மீட்டரை 15 நிமிடம் 20.48 நொடியில் முடித்தார். முப்பது நீளம், ஒவ்வொன்றுக்கும் சராசரி 30.7 நொடி. தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகத்தில் இழப்பு ஒரு நீளத்துக்கு அரை நொடிகூட இல்லை. அதற்கு முந்தைய உலக சாதனையும் அவருடையதுதான், அதிலிருந்து சரியாக ஐந்து நொடியைக் குறைத்தார்.

நானும் வாரத்தில் மூன்று நாள் நீந்துகிறவன். முதல் இரண்டு நீளம் பறப்பது போல இருக்கும். நான்காவதில் தோள் இறுகும், ஆறாவதில் கால் கீழே இழுக்கும், அப்புறம் மூச்சைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்காது. தொடக்கத்தில் அரை நொடிக்கு ஆசைப்பட்டால் உடல் அதைக் கடைசியில் வட்டியோடு வசூலித்துவிடும். அதனால்தான் நெடுந்தூர நீச்சல்காரர்கள் முதல் பாதியில் அடக்கி வாசிப்பார்கள். லெடெக்கி அப்படிச் செய்வதில்லை. ஆரம்பத்திலேயே முன்னால் போய், அந்த வேகத்தைக் கடைசிச் சுவர் வரை விடாமல் பிடித்துக்கொள்வார். குதிரைப் பாய்ச்சல் போல ஒரு பக்கம் எம்பி எம்பிப் போகும் அவருடைய கைவீச்சு, அந்தக் காலத்தில் குறுந்தூர ஆண் வீரர்களிடம்தான் அதிகம் தெரியும். அதைச் சிறுமியாக இருந்தபோதே பயிற்சியாளர் யூரி சுகியாமாவோடு சேர்ந்து பழகிக்கொண்டார்.

2012 லண்டனில் வெளியுலகம் அவரை முதலில் கவனித்தபோது வயது பதினைந்து. அமெரிக்க அணியிலேயே இளையவர். உள்ளூர் ரசிகர்கள் எல்லோரும் நடப்புச் சாம்பியன் ரெபெக்கா ஆட்லிங்டனுக்காகக் கத்திக்கொண்டிருக்க, இந்தப் பெண் 800 மீட்டரில் 8:14.63 நேரத்தில் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார். ஜேனட் எவன்ஸ் 1989-இல் வைத்த அமெரிக்க சாதனையும் அன்று போனது.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

ஆண்களுக்கு 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1908 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெண்களுக்கு அது வந்தது டோக்கியோவில், 2021-இல். இடையில் 113 ஆண்டுகள். அதுவரை குளத்தில் பெண்களின் மிக நீண்ட போட்டி 800 மீட்டர், அதுவும் 1968-இல்தான் வந்தது. பெண்களால் அவ்வளவு தூரம் முடியாது என்று யாராவது சொன்னால் 1926-ஐ நினைவூட்டுங்கள். அந்த ஆண்டு கெர்ட்ரூட் எடர்லி ஆங்கிலக் கால்வாயைச் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் நீந்திக் கடந்தார், அதற்குமுன் கடந்திருந்த ஆண்கள் அத்தனை பேரையும் விட வேகமாக. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2008 பெய்ஜிங்கிலேயே பெண்களுக்கு 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் ஒலிம்பிக்கில் வந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் நீந்தலாம், ஆனால் குளத்தில் ஒன்றரை கிலோமீட்டர் மட்டும் இன்னும் பதின்மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்! இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

இதில் லெடெக்கி இழந்தது என்னவென்று பாருங்கள். 2015-இல் கசானில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் உலக சாதனையை ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்றில் ஒருமுறை, இறுதியில் ஒருமுறை என்று இரண்டு நாளில் இரண்டு தடவை உடைத்தார். இறுதியில் இரண்டாவதாக வந்தவரை விட 14 நொடிக்கு மேல் முன்னால் இருந்தார். அது முடிந்த சற்று நேரத்திலேயே 200 மீட்டர் அரையிறுதியில் இறங்கித் தகுதியும் பெற்றார், அப்புறம் அந்த 200-யும் வென்றார். அடுத்த ஆண்டு ரியோவில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அந்தப் பட்டியலில் 1500 இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு போட்டியே இல்லை. பதக்க எண்ணிக்கையை வைத்து அவரை மற்றவர்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். (எழுந்து நின்றாலே இதயம் படபடத்துத் தலைசுற்ற வைக்கும் ஒரு கோளாறு தனக்கு இருப்பது 2015-இல் கண்டறியப்பட்டது என்று அவரே பின்னாளில் சொன்னார். ரியோ அதற்கு அப்புறம்தான்.)

எப்போதும் எளிதாக ஜெயித்தார் என்று நினைப்பவர்கள் 2019 குவாங்ஜு உலகச் சாம்பியன்ஷிப்பைப் பார்க்கவேண்டும். 400-இல் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸிடம் தோற்றார். உடல்நிலை மோசமாகி 200, 1500 இரண்டிலிருந்தும் விலகினார். ஆனாலும் 800-க்கு வந்து நின்றார். வழக்கமான இடைவெளி எதுவும் இல்லை. இத்தாலியின் சிமோனா குவாதரெல்லா முன்னால் போய்க்கொண்டிருக்க, கடைசி நீளத்தில் எங்கிருந்தோ ஒரு வேகத்தைத் திரட்டி முந்தினார். அவருடைய சாதனைகளையெல்லாம் விட எனக்கு நெருக்கமானது அந்தப் போட்டி.

அப்புறம் டோக்கியோ. 2021 ஜூலை 28. காலையில் 200 மீட்டர் இறுதி, லெடெக்கி ஐந்தாவது. ஒலிம்பிக் தனிநபர் இறுதியில் பதக்கமே இல்லாமல் அவர் வெளியேறியது அதுதான் முதல் தடவை. சுமார் ஒரு மணி நேரம்தான் இடைவெளி, பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதி. அதை வென்றார். இரண்டாவதாக வந்தவரும் அமெரிக்கர்தான், எரிகா சல்லிவன். அவர் வெள்ளியை எட்டிப் பிடித்தபோது லெடெக்கி தண்ணீரிலிருந்தபடியே கத்திக் கொண்டாடினார், பேட்டி கொடுக்கும்போது அழுதுவிட்டார். நூற்றாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த கதவு அது. அதன் வழியாக முதலில் நுழைந்தவர் அவர் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

டோக்கியோவுக்குப் பிறகு ஃபுளோரிடாவுக்குப் போய் அந்தோனி நெஸ்டியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். நெஸ்டி யார் தெரியுமா? 1988 சியோலில் சூரினாம் என்ற சின்ன நாட்டுக்காக 100 மீட்டர் பட்டர்ஃபிளை தங்கம் வென்றவர், 0.01 நொடி வித்தியாசத்தில். பதினொரு நொடியில் ஜெயித்தவருக்கு நூறில் ஒரு நொடியில் ஜெயித்தவர் ஆசான். இந்த இணை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2024 பாரிஸில் 1500-யும் 800-யும் மறுபடி அவருக்கே. 800 இறுதி நடந்தது ஆகஸ்ட் 3. லண்டனில் பதினைந்து வயதில் அவர் வென்ற அதே தேதி, பன்னிரண்டு ஆண்டு கழித்து. ஒரே போட்டியை நான்கு ஒலிம்பிக்கில் வென்ற முதல் நீச்சல் வீராங்கனை ஆனார். ஆனால் இந்தமுறை டிட்மஸ் 1.25 நொடி மட்டுமே பின்னால் இருந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் கனடாவின் சம்மர் மெக்கின்டோஷ் அவரை 800-இல் தோற்கடித்திருந்தார். இடைவெளி சுருங்கிவிட்டது, இனி இறங்குமுகம்தான் என்று நானே நினைத்தேன். 2025 மே மாதம், இருபத்தெட்டு வயதில், 8:04.12 என்று தன் ரியோ சாதனையைத் தானே உடைத்தார்.

அடுத்து ஆகஸ்டில் சிங்கப்பூர் உலகச் சாம்பியன்ஷிப். லெடெக்கி 8:05.62. ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர் 8:05.98. மெக்கின்டோஷ் 8:07.29. எட்டு நிமிடப் போட்டியில் மூவருக்கும் நடுவே இரண்டு நொடிகூட இல்லை. 800 மீட்டரில் லெடெக்கிக்கு அது ஏழாவது உலகப் பட்டம்.

அந்தப் போட்டியின் வீடியோவை நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். நடுவில் எங்கும் தள்ளிவிடாமல் பதினாறு நீளத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது முடிந்ததும், ரியோவை இன்னொரு முறை.