டேங்க் கிடைக்கலன்னு பொலம்பறவங்க கவனத்துக்கு

க்யூ (ஆட ஆள் சேர காத்திருக்கற நேரம்) இருபது நிமிஷம் காட்டுது, டேங்கே வர மாட்டேங்கறாங்க, கேம் செத்துப்போச்சுன்னு நம்ம கேமிங் குரூப்ல வாரா வாரம் யாராவது ஒருத்தர் பொலம்பறீங்க. பொலம்பறவங்க ஐடிய தொறந்து பாத்தா அத்தன பேரும் டிபிஎஸ். நான் ஆடறது டேங்க் மட்டும் தான், வேற எதுவும் எனக்கு ஒழுங்கா வராது, அதனால இந்த பஞ்சத்த பத்தி பேச கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனச்சு எழுதறேன். நீளமா தான் போகும், பொறுமை இல்லாதவங்க ஸ்க்ரோல் பண்ணிக்கோங்க.

இந்த கேமெல்லாம் ஆடாத நண்பர்களுக்கு ரெண்டு வரி. ஆன்லைன்ல நாலஞ்சு பேர் சேந்து ஒரு டஞ்சனுக்குள்ள (மிருகங்க நெறஞ்ச குகை மாதிரி எடம்) போவோம். ஒருத்தர் முன்னாடி நின்னு அடி வாங்கணும், அவர் டேங்க். அவர சாக விடாம பாத்துக்கறவர் ஹீலர். மிச்சம் இருக்கறவங்க அடிச்சு தள்ளணும், அவங்க டிபிஎஸ். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல அஞ்சு பேருக்கு ஒரு டேங்க், ஃபைனல் ஃபேன்டஸி 14ல நாலு பேருக்கு ஒண்ணு. 1999ல வந்த எவர்க்வெஸ்ட் காலத்துலேருந்தே இந்த மூணு வேலை பங்கீடு ஓடிட்டு இருக்கு. அஞ்சுல ஒருத்தர் வந்தா போதும், அந்த ஒருத்தர் தான் வர்றதில்ல.

ஏன் வர்றதில்லன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில், "டேங்க் கஷ்டம்பா". இங்க தான் எனக்கு ஒத்துப்போகல. கஷ்டமா இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. பழைய வார்கிராஃப்ட்ல (2019ல திரும்ப கிளாசிக்னு விட்டாங்களே, அதுல) அக்ரோ (மிருகத்தோட கோவம் யார் மேலங்கற) கணக்கே ஒரு பெரிய தலவலி. மிருகம் யார அடிக்கணும்னு முடிவு பண்றது த்ரெட். கிட்ட நின்னு அடிக்கிற ஒருத்தர் டேங்கோட த்ரெட்ல 110 சதவீதம் தாண்டினா மிருகம் அவர் பக்கம் திரும்பிடும், தூரத்துலேருந்து அடிக்கறவருக்கு 130 சதவீதம். ஆர்வக்கோளாறுல ஒரு மேஜ் (மந்திரம் விடற டிபிஎஸ்) முதல் ரெண்டு செகண்ட்லயே பெருசா ஒண்ணு விட்டாருன்னா முடிஞ்சுது, அந்த மிருகத்த பிடிக்க டேங்க் பின்னாடியே ஓடணும், இந்தப் பக்கம் மிச்சம் ரெண்டு மிருகம் ஹீலர போட்டு மிதிக்கும், செத்தப்புறம் மேஜ் கேப்பாரு, டேங்க் என்ன புடுங்கிட்டு இருந்தீங்கன்னு.

அந்த கஷ்டத்த கம்பெனிகளே எடுத்துட்டாங்களே. 2011ல வார்கிராஃப்ட்ல டேங்கோட த்ரெட்ட மூணு மடங்குலேருந்து அஞ்சு மடங்கா தூக்கி விட்டாங்க. ஃபைனல் ஃபேன்டஸில முன்ன டேங்க் ஸ்டான்ஸ் (மிருகங்கள நம்ம மேல இழுக்கற பட்டன்) போட்டா நம்ம அடியோட பலம் குறையும், அதனால போடறதா எடுக்கறதான்னு ஒரே ஆட்டம், 2019ல ஷேடோபிரிங்கர்ஸ் வந்தப்ப அந்த குறைப்பையும் தூக்கிட்டாங்க. இப்ப ஒரு பட்டன ஆன் பண்ணிட்டு கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு சுத்து சுத்தினா எல்லாம் நம்ம மேல தான் ஒட்டிக்கும். புதுசு புதுசா டேங்க் க்ளாசும் (கேரக்டர் வகை) விட்டு பாத்துட்டாங்க, வார்கிராஃப்ட்ல 2008ல டெத் நைட், 2012ல மங்க், 2016ல டீமன் ஹண்டர், ஃபைனல் ஃபேன்டஸில 2019ல கன்பிரேக்கர். சரி, பட்டன் சுலபமாச்சு, க்ளாசும் ஏறுச்சு. டேங்க் எங்க?

லஞ்சமும் குடுத்து பாத்தாச்சு. 2011 ஏப்ரல்லயே வார்கிராஃப்ட்ல கால் டு ஆர்ம்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, எந்த ரோலுக்கு ஆள் கம்மியோ அந்த ரோல்ல வந்தா கடைசில ஒரு பை கிடைக்கும், அதுல தங்கம், அதிர்ஷ்டம் இருந்தா அபூர்வமான குதிரை கூட வரும். பேச்சுக்கு எந்த ரோலா வேணா இருக்கலாம், எல்லாருக்கும் தெரியும் அது டேங்குக்கு போட்ட தூண்டில்னு. ஃபைனல் ஃபேன்டஸிலயும் தேவைப்படற ரோலுக்கு எக்ஸ்ட்ரா காசு உண்டு, அங்கயும் நான் பாக்கறப்பல்லாம் டேங்க் படம் தான் மின்னிட்டு இருக்கும். ஒரு வேலைக்கு இத்தன வருஷமா போனஸ் குடுத்தும் ஆள் வரலன்னா பிரச்சன சம்பளத்துல இல்ல, வேலை செய்யற எடத்துல இருக்கு. ஓசூர்ல ஷிஃப்ட் பாக்கற எவனுக்கும் இது புரியும்.

பிரச்சன என்னன்னா, டேங்குக்கு கத்துக்க எடமே குடுக்கறதில்ல. புது டிபிஎஸ் வந்தா பின்னாடியே ஓடி வந்து எதையாவது அடிச்சுட்டு போயிடலாம், அவருக்கு வழி தெரியாதுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. புது ஹீலர் கூட டேங்க் பின்னாடி வந்தா போதும் (அவங்களுக்கு வேற கஷ்டம் இருக்கு, அத அவங்களே எழுதட்டும்). புது டேங்க் யார் பின்னாடி போவாரு? கதவு தொறந்ததும் நாலு பேரும் இவரையே பாப்பாங்க. லெஃப்டா ரைட்டா, எத்தன கூட்டத்த சேத்து இழுக்கணும், எது முறிக்க வேண்டிய காஸ்ட் (எதிரி போட ஆரம்பிக்கற மந்திரம்), பாஸோட, அதாவது பெரிய எதிரியோட, மூஞ்சிய எந்தப் பக்கம் திருப்பி வெக்கணும் (மத்தவங்க பக்கம் பாக்க விட்டா ஒரே வீச்சுல மொத்த பார்ட்டியும் காலி), அம்பு விடறவன எந்த சுவத்துக்கு பின்னாடி நின்னு கிட்ட வர வெக்கணும், எல்லாமே வரும்போதே தெரிஞ்சிருக்கணும். தெரியலன்னா அந்த நிமிஷமே ஊருக்கே தெரியும்.

வார்கிராஃப்ட்ல 2016ல மித்திக் ப்ளஸ் (நேரம் வெச்சு ஆடற கஷ்டமான டஞ்சன்) வந்ததுலேருந்து இது இன்னும் மோசம். கடிகாரம் ஓடும், இத்தன சதவீதம் மிருகங்கள கொல்லணும்னு கணக்கு உண்டு, ஒரு உயிர் போனா அதுக்கு தனியா டைம் வெட்டு, நேரத்துக்குள்ள முடிக்கலன்னா அந்த டஞ்சன தொறக்கற சாவியோட லெவல் ஒண்ணு எறங்கிடும். எந்த கூட்டத்த விட்டுட்டு எந்த கூட்டத்த சேத்தா கணக்கு சரியா வரும்னு ரூட் போடறது யாரு? எங்கயும் எழுதி வெக்கல, ஆனா டேங்க் தான் போடணும்னு எழுதாத சட்டம். ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல கிருஷ்ணகிரி வந்து எறங்கறதுக்குள்ள எட்டு மணி ஆயிடுது, பஸ்ல தூங்க வேண்டிய நேரத்துல மேப்ப விரிச்சு வெச்சு ரூட் படிச்சிட்டு வர்றேன், டென்த் பரிச்சைக்கு இப்டி படிச்சிருந்தா எங்கப்பா கோயில்ல மொட்டையே போட்டிருப்பாரு.

அப்புறம் வேகம். எங்க அத்தை பையன் ஒருத்தன் இருக்கான், பர்கூர்ல, பப்ஜி தடை பண்ண சமயத்துல (2020 செப்டம்பர்) நான் தான் அவன இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்தேன். அவன் பப்ஜி புத்திய அப்டியே எடுத்துட்டு வந்துட்டான், யார் எத்தன கில் எடுத்தான்கறது தான் அவனுக்கு கேம். நான் ஒரு கூட்டத்த பிடிச்சு அடி வாங்கிட்டு இருப்பேன், "என்னா மாமா நடந்துகினே இருக்க, இழு மாமா"ன்னு மைக்ல கத்திகினே முன்னாடி ஓடி அடுத்த கூட்டத்தையும் எழுப்பி விட்டுடுவான். எழுப்பிட்டு என்கிட்ட ஓடி வந்து என் தலைல கொட்டுவான். அந்த நேரம் என் கூல்டவுன் (ஒரு தடவ போட்டா திரும்ப வர நேரமாகற தற்காப்பு) எல்லாம் தீந்திருக்கும், அடிய குறைக்க கையில ஒண்ணும் இருக்காது. எங்க ரெகுலர் ஹீலர் பாலக்கோட்டு அக்கா ஒருத்தங்க, ரொம்ப பொறுமை, அவங்களே ஒரு நாள், "தம்பி, அவன் இழுத்தத அவனே வாங்கட்டும், நீ பாக்காத, நானும் ஹீல் போட மாட்டேன்"னுட்டாங்க. போடவும் இல்ல. அன்னைக்கு அவன் போட்ட சத்தம் எனக்கு காதுக்கு இனிமையா இருந்துச்சு, சொந்தக்கார பையன், இருந்தாலும் சொல்றேன்.

சொந்தக்காரன்னா திட்டிக்கலாம். முன்ன பின்ன தெரியாத பார்ட்டில என்ன பண்றது? பெருசா இழுத்தா ஹீலருக்கு கோவம், சின்னதா இழுத்தா டிபிஎஸ்க்கு கோவம். ஒருத்தர் "பெருசா"ன்னு டைப் பண்ணுவாரு, இன்னொருத்தர் "மெதுவா"ன்னு டைப் பண்ணுவாரு, ரெண்டுக்கும் நடுவுல நான். தரைல கொட்டற நெருப்புல போய் சம்மணம் போட்டு உக்காந்து சாகற டிபிஎஸ் கூட சாகறதுக்கு முன்னாடி டேங்க் சரியில்லன்னு டைப் பண்ணிட்டு தான் சாவாரு. டேமேஜ் மீட்டர்ல அவர் பேரு முதல்ல இருக்கும், நான் வாங்காம தப்பிச்ச அடிக்கும் சரியான நேரத்துல முறிச்ச காஸ்டுக்கும் அந்த மீட்டர்ல பெரிய எடம் கிடையாது. நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், ஃபைனல் ஃபேன்டஸில டஞ்சன் முடிஞ்சதும் ஒருத்தருக்கு பாராட்டு ஓட்டு போடலாம், அது டேங்குக்கும் ஹீலருக்கும் நெறைய வரும். முகம் தெரியாத ஒருத்தர் போட்டுட்டு போற அந்த ஒரு ஓட்டுக்காக அடுத்த டஞ்சனுக்கு கியூ போட்டிருக்கேன்.

எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைய முன்னாடி நின்னு நடத்தறவர் கதை தான் இது. வசூல் பண்ணி, மேளம் பேசி, ராத்திரி கூத்துக்கு ஆள் கூட்டி வந்து, கரண்டுக்கும் பந்தலுக்கும் அலைஞ்சு எல்லாம் பண்ணிட்டு கடைசில பொங்கல் வெச்சு ஆடினவங்க எல்லாம் சந்தோஷமா வீட்டுக்கு போயிடுவாங்க, இவர் கிட்ட மட்டும் கணக்கு கேப்பாங்க, மைக் செட் ஏன் நடுவுல நின்னுச்சுன்னு கேப்பாங்க. அடுத்த வருஷம் "இளவட்டம் யாரும் முன்ன வரமாட்டேங்கறாங்க"ன்னு கூட்டம் போட்டு வருத்தப்படறதும் அதே ஆளுங்க தான்.

வீட்டுப் பிரச்சன தனி. டிபிஎஸ் ஆடறவங்க நடுவுல எழுந்து போய் ஒரு தோசைய வாங்கிட்டு வந்து உக்காந்தாலும் மத்தவங்களுக்கு தெரியாது. நான் எழுந்தா அஞ்சு செகண்ட்ல எல்லாரும் பிணம். எங்கம்மாவுக்கு இத புரிய வெக்க முடியல, "அரை நிமிசம் நிறுத்தி வெச்சுட்டு வந்து சாப்புடுறா"ன்னு கூப்புடுவாங்க, நிறுத்த முடியாதும்மா ஆன்லைன்மான்னா, "அப்டி என்ன நீ இல்லாம நடக்காத வேலை"ன்னு கேப்பாங்க. நெஜமாவே நான் இல்லாம நடக்காது, வாழ்க்கைல அப்டி இருக்கற ஒரே எடம் அது தான், அத அவங்ககிட்ட சொல்லவும் முடியல.

மாங்கா சீசன்ல கேக்கவே வேணாம். சாயங்காலம் ஒரு காத்து மழ வந்தா தோப்புக்காரங்க காய் கொட்டிடுச்சேன்னு பதறுவாங்க, நான் கரண்ட் போயிடுமேன்னு பதறுவேன். யூபிஎஸ் வாங்கி வெச்சேன், கம்ப்யூட்டர் நிக்கும், தெருக்கோடில இருக்கற நெட்காரர் பொட்டி நிக்காது. நெட் நல்லா இருக்கற நாள்லயும் பிங் (சர்வருக்கு போய் வர்ற நேரம்) ஒரு தொல்ல, ஃபைனல் ஃபேன்டஸிக்கு இந்தியால சர்வரே கிடையாது, ஜப்பானோ ஆஸ்திரேலியாவோ ஐரோப்பாவோ அமெரிக்காவோ தான். அந்த கேம்ல பாஸோட காஸ்ட் முடியற நொடில நாம எங்க நிக்கறோம்னு சர்வர் குறிச்சுக்கும், அனிமேஷன் அப்புறமா தான் வரும். என் ஸ்க்ரீன்ல நான் ஒதுங்கி நிக்கறேன், ஜப்பான் சர்வர் கணக்குல நான் இன்னும் நெருப்புலயே நிக்கறேன். டிபிஎஸ்னா ஒரு அடி, ஹீலர் பாத்துப்பாங்க. நான் விழுந்தா பாஸ் அடுத்து யார் மேல திரும்புவான்னு சொல்லணுமா.

சரி டேங்கே வேணாம்னு ஒரு கேம் பண்ணா என்னன்னு 2012ல கில்டு வார்ஸ் 2 காரங்க முயற்சி பண்ணாங்க, தனி டேங்க் ரோலே வெக்காம. எல்லாரும் அவங்கவங்க உயிர அவங்கவங்க பாத்துக்கணும். கேக்க நல்லா தான் இருந்துச்சு. 2015ல ரெய்டு (பெரிய கூட்டமா போய் ஆடறது) கொண்டு வந்தாங்க, முதல் பாஸே யாருக்கு டஃப்னெஸ் (அடி தாங்கற பலம்) ஜாஸ்தியோ அவர தேடி வந்து அடிக்க ஆரம்பிச்சான். அப்புறமென்ன, ஒருத்தர் டஃப்னெஸ் ஏத்திகிட்டு முன்னாடி நின்னாரு.

எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம் வேற ஒண்ணு. 2022 ஏப்ரல்ல ஃபைனல் ஃபேன்டஸில கதைக்கு வேண்டிய ஆரம்ப டஞ்சன்களுக்கு டியூட்டி சப்போர்ட்னு விட்டாங்க, 2024 ஜனவரில வார்கிராஃப்ட்லயும் ஃபாலோவர் டஞ்சன்னு வந்துச்சு. கம்ப்யூட்டரே மிச்ச பார்ட்டிய ஆடும், நாம டேங்கா போகலாம். அந்த பொம்மைங்க நாம நின்னா நிக்கும், வழி தவறினா கூடவே வரும், செத்தா திட்டாது. புதுசா டேங்க் ஆடணும்னு கேக்கறவங்களுக்கு நானே அங்க போய் பழகுங்கன்னு தான் சொல்றேன், நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனா கூட்டமா ஆடறதுக்குன்னே பண்ண ஒரு கேம்ல, மனுஷங்க இல்லாத பார்ட்டில தான் ஒருத்தர் பயமில்லாம டேங்க் கத்துக்க முடியும்னா அது நமக்கு அசிங்கமா இல்லையா? அங்க கத்துகிட்டு தைரியமா நம்ம கிட்ட வருவாங்க, முதல் தப்புக்கே பார்ட்டிய விட்டு கிளம்பிடுவோம், அவங்களும் அடுத்த நாள் தூரத்துலேருந்து அம்பு விடற டிபிஎஸ் ஆயிடுவாங்க. இருபது நிமிஷ க்யூ அங்க உருவாகுது.

அதனால நம்ம குரூப்ல ஒண்ணு ஆரம்பிக்கறோம். சனிக்கிழம ராத்திரி ஒம்போதரைக்கு, புது டேங்குங்களுக்கு மட்டும். டைமர் கிடையாது, மீட்டர் ஆஃப், வழி தப்பினா தப்பட்டும், யாரும் முன்னாடி ஓடக்கூடாது. அத்தை பையனும் வர்றான், மைக் மியூட்ல இருப்பான்னு பாலக்கோட்டு அக்கா உத்தரவு. ஆட ஆசப்படற டேங்குங்க இன்பாக்ஸ்ல வாங்க, ஹீலர் இன்னும் ஒருத்தர் கிடைச்சா நல்லாருக்கும். டிபிஎஸ் வேணாம், வெயிட்டிங் லிஸ்ட்ல பதினஞ்சு பேர் நிக்கறாங்க.